கையில் நாலைந்து வேலை, நடுவில் பரிசுப் பரிமாற்றம்: எதை முதலில் எடுப்பது?

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நாத்தனாருக்கு ஐப்பசியில் பிரசவம். குழந்தைக்கென்று ஆரம்பித்த ஸ்வெட்டரில் முதுகும் முன்பக்கமும் முடிந்து, கை பின்னாமல் நிற்கிறது. மகளின் தீபாவளிப் பட்டுப்பாவாடையை வெட்டி வைத்தாயிற்று, இன்னும் மெஷினில் ஏறவில்லை. தனக்கு இரண்டு ஜாக்கெட். பழைய நூல்சேலைகளைக் கொண்டு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று. போன வருடம் தொடங்கிய சால்வை ஊசியோடு பையில் கிடக்கிறது. இதற்கு நடுவில் தோழிகள் எட்டுப் பேர் சேர்ந்து, கிறிஸ்துமஸுக்குக் கையால் செய்த பொருளைத்தான் ஒருவருக்கொருவர் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். “ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடுவதே தப்பா? எதை முதலில் எடுப்பது, பரிசுக்கு என்ன செய்வது, அந்தச் சால்வையை என்ன செய்வது?” இதுதான் அவர் கேள்வி.

தப்பே கிடையாது. பின்னலும் தையலும் தெரிந்த வீட்டில் ஒரே ஒரு வேலை மட்டும் நடந்து நான் பார்த்ததில்லை, நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. ராத்திரி குழந்தைகள் தூங்கிய பிறகு மெஷின் ஓட்ட முடியாது, அந்த நேரத்துக்குச் சத்தமில்லாத கைவேலை ஒன்று வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிறது. அங்கே பட்டுத்துணியை விரிக்க வழியில்லை, ஊசியும் நூல் உருண்டையும் இருந்தால் போதும். சி.எம்.சி. மருத்துவமனையில் நோயாளிக்குத் துணைக்கு வந்து மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதே கதைதான். ஒவ்வொரு நேரத்துக்கும் தோதான வேலை கையில் இருப்பது நல்லதுதான்.

வேலைகள் நின்றுபோவதற்குக் காரணம், நாம் அவற்றைப் பெயர் சொல்லி நினைப்பது. ஸ்வெட்டர், பாவாடை, போர்வை என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும், கை எதற்கும் நீளாது. அதற்குப் பதில் ஒவ்வொன்றிலும் அடுத்த படி என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஸ்வெட்டருக்குக் கை பின்ன வேண்டும். பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைத்து மெஷினில் ஓட்ட வேண்டும். ஜாக்கெட்டுக்கு லைனிங் பிடித்தாயிற்று, பக்கத் தையலும் கொக்கியும் ஹெம்மிங்கும் பாக்கி. போர்வைக்கு இன்னும் துண்டு வெட்டவே இல்லை. எழுதியதும் ஐந்து வேலை என்பது போய், வெட்டுகிற வேலை, மெஷின் வேலை, கைத்தையல், பின்னல் என்று நான்கு படிகளாகப் பிரிந்துவிடும். ஒரே படியில் இருப்பவற்றைச் சேர்த்து ஒரே உட்காரலில் முடித்தால் பாதி அலுப்பு குறைந்துவிடும்.

தையல் கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். பச்சை நூல் மெஷினில் ஏறினால் அன்றைக்கு வந்த பச்சை ஜாக்கெட் எல்லாவற்றையும் தைத்துவிட்டுத்தான் நூலை மாற்றுவார்கள். வீட்டில் நாமும் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம், இன்னும் முக்கியமாக ஊசியை வைத்துப் பிரிக்க வேண்டும். பட்டுக்கு 11-ம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் துணி அல்லது பல மடிப்புக்கு 16. பருத்தி தைத்த அதே 14-ல் ஆரணிப் பட்டை ஓட்டினால் தையல் ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஓட்டை தெரியும், பிரித்துத் தைத்தாலும் அது மறையாது. ஆகவே பாவாடைக்கு ஒரு நாள், அன்று புது ஊசி. ஜாக்கெட்டும் போர்வையும் இன்னொரு நாள் சேர்ந்து போகட்டும். பாவாடையில் உள்பக்கமாகத் துணியை மடித்து இரண்டு மூன்று டக் பிடித்துவிடுங்கள், பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

ஜாக்கெட் விஷயத்தில் ஒன்று. லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டினீர்களா? இல்லையென்றால் பக்கத் தையலுக்குப் போவதற்கு முன்பே பிரித்து நனைத்துவிடுவது நல்லது. முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நின்றால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. போர்வைக்குப் பழைய சேலை என்பதால் அந்தக் கவலை இல்லை, பல முறை துவைத்த துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிட்டிருக்கும். நடுவில் புதுத் துணி ஏதாவது கலக்கிறீர்கள் என்றால் மட்டும் அதைத் தனியாக ஊறவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சரி, எதை முதலில் எடுப்பது? எந்தப் பொருளுக்குப் பயன்படும் காலம் சீக்கிரம் முடிந்துபோகிறதோ அதைத்தான். இந்தக் கணக்கில் முதலில் வருவது குழந்தை ஸ்வெட்டர். நம் ஊரில் ஸ்வெட்டர் போடுகிற குளிர் என்றால் மார்கழியும் தை முதல் பாதியும்தான். ஐப்பசியில் பிறக்கும் குழந்தைக்கு அப்போது இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். அடுத்த மார்கழிக்கு ஒரு வயதைத் தாண்டிவிடும், இந்த ஸ்வெட்டர் நுழையாது. ஆக அதற்கு இருப்பது ஒரே ஒரு குளிர்காலம். பாவாடைக்குத் தீபாவளி கெடு. ஜாக்கெட் எப்போது முடிந்தாலும் போடலாம், போர்வைக்குக் கெடுவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்குத் துணி வாங்குவதோ கொடுப்பதோ நம் பக்கத்தில் பல வீடுகளில் வழக்கமில்லை. பேர் வைக்கும் நாளிலோ, தொட்டிலில் போடும் நாளிலோதான் கொடுப்போம். அதனால் உங்கள் கையில் இன்னும் சில வாரங்கள் கூடுதலாக இருக்கின்றன. முடித்து வைத்த முதுகும் முன்பக்கமும் மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் அளவுக்கு இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வயதுக்கு மார்புச் சுற்றளவு ஏறக்குறைய 43 செ.மீ., தாராளமாக 5 செ.மீ. சேர்த்து 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8-ம் நம்பர் ஊசியில், அதாவது 4 மி.மீ. ஊசியில், நடுத்தரத் தடிமன் நூல் 10 செ.மீ.க்கு 22 கண் (ஊசியில் விழும் நூல் வளையம்) கொடுக்கும் என்றால் முழுச் சுற்றுக்கு 106 கண். உங்கள் கை கொஞ்சம் தளர்வாக இருந்து 20 கண்தான் வருகிறது என்றால் அதே 106 கண் 53 செ.மீ. ஆகிவிடும். குழந்தைக்கு இது பரவாயில்லை, வளர்ந்து போட்டுக்கொள்ளும். பெரியவர்களுக்கு 220 கண் போட்டால் வித்தியாசம் 10 செ.மீ. வரும், தோளிலிருந்து நழுவும். அதனால்தான் பெரியவர்களுக்குப் பின்னும்போது மாதிரிச் சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து, அப்புறம் அளந்து பார்க்கச் சொல்கிறோம்.

பல வேலைகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சதுரம் இன்னொரு விதத்திலும் உதவும். இரண்டு மாதம் கழித்துப் பழைய பின்னலை எடுத்தால் கையின் இறுக்கம் மாறியிருக்கும். நேராக ஸ்வெட்டரில் கை வைக்காமல், அதே நூலில் தனியாகப் பத்து வரிசை பின்னிப் பழைய சதுரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கை பழகியதும் ஸ்வெட்டருக்குப் போங்கள். நிறுத்தும்போது எப்போதும் வரிசையை முழுசாக முடித்துவிட்டு நிறுத்துங்கள். பாதி வரிசையில் விட்டால் அந்த இடத்துக் கண் தொய்ந்து, முடித்த பிறகும் கோடு மாதிரி தெரியும்.

ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பை, அதற்குள் ஒரு சீட்டு. இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். துணிப்பை போதும், பருத்திச் சுருக்குப்பை இருந்தால் இன்னும் நல்லது. சீட்டில் எழுத வேண்டியது: ஊசி நம்பர், போட்ட கண் எத்தனை, எந்த வரிசையில் நிறுத்தியது, அடுத்த வரிசை நிட்டா பர்லா (நேர்ப் பின்னலா, மறுபக்கப் பின்னலா), நூலின் லேபிள். லேபிளைச் சீட்டோடு சேர்த்து ஊக்கு குத்தி வையுங்கள். அதில் இருக்கும் சாய எண்தான் முக்கியம். ஒரே கம்பெனி, ஒரே நிற எண்ணாக இருந்தாலும் வேறு வேறு தடவை சாயம் தோய்த்த நூல் லேசாக நிறம் மாறும். உருண்டையில் தெரியாது, கையைப் பின்னி உடம்போடு சேர்க்கும்போது பளிச்சென்று தெரியும். அதனால் நூலை ஒரே தடவையில், ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். மீந்தது தொப்பிக்கோ சாக்ஸுக்கோ ஆகும். தையல் வேலைப் பையில் சீட்டோடு, மெஷினில் அடிநூல் சுற்றும் பாபினும் இருக்கட்டும். அதே நிறத்தில் சுற்றிய பாபின் தயாராக இருந்தால் கால்மணி நேரம் கிடைத்தால்கூட மெஷினில் உட்காரத் தோன்றும்.

எத்தனை பின்னல் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்? என் கருத்தில் இரண்டு. ஒன்று கண்ணை எடுக்காமல் எண்ணிப் பின்ன வேண்டியது, இன்னொன்று பேசிக்கொண்டே, சீரியல் பார்த்துக்கொண்டே பின்னக்கூடியது. மூன்றாவது ஆரம்பித்தால் பெரும்பாலும் முதல் வேலையின் ஊசியைத்தான் உருவுவோம், சிக்கல் அங்கேதான் தொடங்கும். உருவியே ஆக வேண்டுமென்றால் கண்களை வேறு நிறத்துப் பருத்தி நூலில் கோத்து இரண்டு முனையையும் தளர்வாக முடிந்துவிட்டு, ஊசி நம்பரைச் சீட்டில் எழுதிய பிறகு உருவுங்கள்.

எல்லாருக்கும் வேலை நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னலில் கையைச் சேர்க்கும் இடமும் நூல் நுனிகளைச் செருகும் இடமும், தையலில் காஜாவும் கொக்கியும். பெரிய பாகம் முடிந்துவிட்ட நிம்மதியில் மடித்து வைத்துவிடுவோம். நுனிகளை அவ்வப்போது, புது உருண்டை சேர்த்த அன்றைக்கே செருகிவிட்டால் கடைசியில் அந்த வேலையே இருக்காது. இந்த ஸ்வெட்டரில் கையைத் தனியாகப் பின்னித் தைத்துச் சேர்ப்பதற்குப் பதில், தோள் சேர்த்தபின் கைத்துளை ஓரத்திலேயே கண் எடுத்து மணிக்கட்டை நோக்கி இறக்கிப் பின்னுங்கள். குழந்தைக்குத் தோளில் தடித்த தையலும் உறுத்தாது. அடுத்த தடவை கழுத்திலிருந்து கீழே இறங்கும் முறையில் தொடங்கினால் சேர்க்கும் வேலை அநேகமாக இல்லாமலே போகும்.

குழந்தைப் பொருளில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கவே கூடாது. கழுத்தில் கயிறோ ரிப்பனோ வேண்டாம். பட்டனை இழுத்துப் பார்த்து இழுத்துப் பார்த்துத் தையுங்கள், முடிந்தால் தோளில் ஒன்றோ இரண்டோ போதும். சாக்ஸ், கையுறை உள்பக்கம் நூல் தொங்கக் கூடாது, சின்ன விரலில் சுற்றிக்கொண்டு இறுக்கிவிடும். குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னி, பொம்மை செய்தால் கண்ணுக்கு மணி வைக்காமல் நூலாலேயே எம்ப்ராய்டரி செய்யுங்கள். அப்புறம், கொடுக்கும் வரை பீரோவில் வைக்கும்போது பாச்சை உருண்டை போடாதீர்கள். அந்த நாஃப்தலின் சில பச்சைக் குழந்தைகளுக்கு, பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவாக இருப்பவர்களுக்கு, சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டால் போதும். கொடுக்கும் முன் ஒரு தடவை துவைத்து நிழலில் உலர்த்திவிடுங்கள்.

பிறகு நூல். நம் கடைகளில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது அக்ரிலிக். துவைக்க எளிது, சுருங்காது, விலையும் குறைவு. ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் துவண்டுபோய் அந்தத் துள்ளல் திரும்பவே வராது. உண்மையான கம்பளி வெந்நீரில் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். இந்த இரண்டையும் வாங்குகிறவரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலில் இந்த நூல்கள் வேர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு ஓடவே ஓடாது. அந்த மாதங்களைப் பருத்தி நூலுக்கும் மெஷினுக்கும் விட்டுவிட்டு, ஆடியிலிருந்து உல்லன் எடுத்தால் மார்கழிக்குச் சரியாக இருக்கும்.

இப்போது பரிசுப் பரிமாற்றம். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத ஊர் நம்முடையது. கொலுவுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஏதாவது ஒன்றை வைத்துக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. அதனால் கொடுத்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. கையால் செய்த பொருளில் மட்டும் ஒரு சங்கடம் வரும்: ஒருத்தி இருபது மணி நேரம் பின்னியிருப்பாள், இன்னொருத்தி ஒரே மாலையில் பை தைத்திருப்பாள். இதை மணிக்கணக்கில் சமன் செய்யப் பார்க்காதீர்கள், மனஸ்தாபம்தான் மிஞ்சும். நூலுக்கும் துணிக்கும் மட்டும் ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள், 300 ரூபாய் என்பதுபோல. எத்தனை நேரம் போடுவது என்பது அவரவர் விருப்பம்.

யார் யாருக்குக் கொடுப்பது என்று சீட்டு எடுக்கும்போது பெயர் மட்டும் எழுதாமல், பிடித்த நிறம், பிடிக்கவே பிடிக்காத நிறம், வீட்டில் வாஷிங்மெஷினா கைத்துவையலா, கம்பளி உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். தீபாவளி முடிந்ததும் நூலோ துணியோ வாங்கியாயிற்றா என்று எல்லாரும் ஒரு தடவை சொல்லிக்கொள்ளட்டும். அதற்குள் வாங்காதவர் கிறிஸ்துமஸுக்குள் முடிப்பது கஷ்டம், கௌரவமாக விலகிக்கொள்ள அப்போதே வழி விடுங்கள். அந்தப் பரிசை ஈடுகட்ட ஒருவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது, அதுதான் முக்கியம்.

உடம்பு அளவு தேவைப்படும் எதையும் பரிமாற்றத்தில் செய்ய வேண்டாம். உங்களுக்கு இருக்கும் நேரத்துக்கு நான் சொல்வது குடியாத்தம் லுங்கித் துணியில் பை. நல்ல நெசவு, கட்டம் நேராக இருப்பதால் வெட்டச் சாக்பீஸ்கூட வேண்டாம், கோட்டைப் பிடித்துக்கொண்டு வெட்டிவிடலாம். ஒரு லுங்கியில் பெரிய பை இரண்டு தாராளமாக வரும், கைப்பிடியும் சேர்த்து. துணியை முதலில் நனைத்துக் கஞ்சி போக அலசிவிடுங்கள். அடிப்பக்கத்துக்கு ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் மெல்லிய தோல் கட்பீஸ் வைத்தால் பல வருடம் உழைக்கும். தோலுக்கென்றே ஊசி உண்டு, அதைப் போட்டு, தையல் நீளத்தை 3 மி.மீ.க்கு மேல் வையுங்கள். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவரும். ஊக்கு குத்தாதீர்கள், கிளிப் போடுங்கள், தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான்.

குரோஷா கைவந்தவர்கள் குழுவில் இருந்தால் தொப்பி நல்ல யோசனை. தலைச் சுற்றளவு தெரிந்தால் போதும், அதுவும் பெரியவர்களுக்கு 54 முதல் 58 செ.மீ.க்குள் அடங்கிவிடும். 56 செ.மீ. தலையென்றால் அதை 3.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18. தட்டையான வட்டம் 18 செ.மீ. அகலம் வரும்வரை கண் கூட்டிக்கொண்டே போய், பிறகு கூட்டாமல் நேராகப் பின்னினால் பக்கம் தானாக இறங்கும். மேல்விஷாரம், வாணியம்பாடிப் பக்கத்துத் தோழிகளுக்கு வெள்ளைப் பருத்தி நூலில் மெல்லிய குரோஷா ஊசியால் தொழுகைத் தொப்பி செய்து கொடுத்தால் அவர்கள் வீட்டு ஆண்களுக்கு ரம்ஜானுக்கு ஆகும். ரம்ஜான் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் நகரும், போன வருடத் தேதியை நம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதே கணக்கில் வட்டத்தை 17-ல் நிறுத்தி மென்மையான பருத்தியில் பின்னினால் கீமோ எடுத்து முடி உதிர்ந்தவர்களுக்கும் சரியாக உட்காரும். சிகிச்சைக்காக இத்தனை பேர் வந்து தங்கும் ஊரில் இருந்துகொண்டு, பரிமாற்றம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு தொப்பி சேர்த்துக் கொடுக்கலாம் என்பது என் ஆசை. உள்பக்கம் முடிச்சு இருக்கக் கூடாது, கொடுக்கும் முன் அங்குள்ள நர்ஸ்களிடம் எது தேவை, எப்படித் துவைத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அந்தப் பொருளை எடுத்துப் பயன்படுத்துவது. பீரோவில் பத்திரப்படுத்திய பையைவிட, அழுக்காகி நாலு தடவை துவைத்த பையைப் பார்த்தால் தைத்தவருக்கு மனசு நிறையும்.

கடைசியாக அந்தச் சால்வை. எடுத்துப் பார்க்கும்போது பின்னத் தோன்றுகிறதா? தோன்றினால் அதுதான் உங்கள் ரயில் வேலை, ஸ்வெட்டர் முடியும்வரை அதைக் காட்பாடி பயணத்துக்கு மட்டும் வையுங்கள். தோன்றவில்லையென்றால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். நூல் வீணாகாது. பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழியாமல் எடுத்துக் கொடியில் தொங்கவிடுங்கள். கீழே லேசான கனம் ஒன்றைக் கட்டிவிட்டால், கம்பளியாக இருந்தால் சுருள் அநேகமாக முழுவதும் நேராகிவிடும். அக்ரிலிக் அந்த அளவுக்கு நேராகாது, ஆனால் பின்னினால் தெரியாது. உருண்டையாகச் சுற்றி, பழைய லேபிளை உள்ளே வைத்துவிடுங்கள். ஊசி விடுதலையாகிவிட்டதல்லவா, 8-ம் நம்பராக இருந்தால் இன்று ராத்திரியே ஸ்வெட்டர் கைக்குக் கண் எடுத்துவிடலாம்.